குறைந்த விலையில் 'நாஸ்': எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ் போன்ற இடங்களில் சர்வர் நிறைந்துவிட்டால் புது சர்வர் வாங்கத் தேவையில்லை. நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொது அலமாரியாக இருக்கும் 'நாஸ்' பெட்டி போதும். பழைய டெஸ்க்டாப் சும்மா கிடந்தால், 'ஓப்பன்மீடியாவால்ட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதையே நாஸ் ஆக்கிவிடலாம். கரன்ட் பில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கஞ்சத்தனம் கூடாத இடம் ஹார்டு டிஸ்க். விலை குறைந்த பல டிஸ்க்குகள் 'எஸ்.எம்.ஆர்' வகை. ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல இதில் தகவல் தடங்கள் பதிவாகும். ஒன்றை மாற்ற, பக்கத்தில் இருப்பவற்றையும் திருப்பி எழுத வேண்டும். பழுதான டிஸ்க்கை மாற்றித் தகவலை மீட்கும்போது வேலை இழுஇழு என்று இழுக்கும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்றே விற்ற தன் 'ரெட்' டிஸ்க்குகள் சிலவற்றில் இந்த முறை இருப்பதை ஒப்புக்கொண்டபோது வாடிக்கையாளர்கள் கொதித்தது இதனால்தான். 'சி.எம்.ஆர்' டிஸ்க்கா என்று கேட்டு வாங்குங்கள்.

சுவிட்ச்சையும் பாருங்கள். ஜிகாபிட் என்றால் நொடிக்கு சுமார் 110 எம்.பி. கிடைக்கும், பழைய 100 எம்.பி.பி.எஸ். சுவிட்ச்சில் 12-ஐத் தாண்டுவதே கஷ்டம்.

'ரெய்டு 1' போட்டால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல் இருக்கும். ஒன்று போனாலும் கவலையில்லை. ஆனால், கைதவறி அழித்த கல்யாண வீடியோ இரண்டிலுமே அழிந்துவிடும்! ரான்சம்வேர் வந்தாலும் அதே கதி. எனவே, மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு யு.எஸ்.பி. டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை நகலெடுத்து, கழற்றி வேறு இடத்தில் வையுங்கள்.