ஜூன் 30-க்கு மேல் தண்ணீர் வராது

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மறுபடியும் போன் செய்தார். "சார், அந்த ஆர்.ஓ. மெஷின்..." என்று அவர் இழுத்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த வருஷத்தில் இது ஐந்தாவது போன். பாவம், அவரும் யாரிடம்தான் சொல்வார்? மெஷின் கொடுத்த அன்று தலைவராக இருந்தவர் இப்போது தலைவர் இல்லை. அன்றைய செயலாளர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். அழைப்பிதழின் அடியில், எறும்பு எழுத்தில் என் அச்சக நம்பர் மட்டும் இருந்திருக்கிறது. அகப்பட்டவன் நான்.

அச்சகம் நடத்துகிறேன். கூடவே, ஊரில் உள்ள சேவைச் சங்கம் ஒன்றில் பத்தொன்பது வருஷமாக உறுப்பினர். அது ரோட்டரியா லயன்ஸா என்று சொல்ல மாட்டேன். சொன்னால் சாயங்காலமே வாட்ஸாப் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். எதுவானால் என்ன, இரண்டிலும் ஜூலை 1-ஆம் தேதி வருஷம் பிறக்கிறது, ஜூன் 30-ஆம் தேதி முடிகிறது. அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தலைவர். கழுத்தில் பட்டை, மேஜையில் மணி, கையில் சின்னச் சுத்தியல். மறு வருஷம் அத்தனையும் இன்னொருவருக்கு. ஒரே ஆள் நாற்காலியில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாற்காலியோடு பொறுப்பும் சேர்ந்து எழுந்து போய்விடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

எங்கள் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அதனால் அந்தப் பள்ளிக்கு மெஷின் கொடுத்ததில் தப்பே இல்லை. பிள்ளைகள் முதல் வாரம் வரிசை கட்டி நின்று குடித்ததை நானே பார்த்தேன். ஒரு பொடியன் குடித்துவிட்டு, "மழைத் தண்ணி மாதிரி இருக்கு" என்றான். ஆனால் இந்த மெஷின் மாடு மாதிரி. வாங்கிக் கட்டினால் மட்டும் போதாது, தீனி போட வேண்டும். நூல்கண்டு போல வெள்ளையாக உள்ளே ஒரு வடிகட்டி இருக்கும். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு மூன்று மாதத்தில் அது செம்மண் நிறமாகிவிடும். அதை மாற்றாமல் விட்டால் அழுக்கு அடுத்த கட்டத்துக்குப் போய், உப்பைப் பிரிக்கிற மெம்பரேனை அடைத்துக்கொள்ளும். அடைத்தது. பத்தாவது மாதம் சொட்டுச் சொட்டாக வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அதன் தலையில் வருகைப் பதிவேடும் உடைந்த குளோபும் ஏறின.

இதில் இன்னொரு கூத்து. இந்த மெஷின் எடுத்துக்கொள்ளும் தண்ணீரில் நல்லது ஒரு பங்கென்றால், உப்பெல்லாம் சேர்ந்த கழிவு அதைவிட அதிகமாக வெளியே வரும். அதை வீணாக்குவானேன் என்று, அதற்கு முந்தைய வருஷத் தலைவர் நட்ட மரக்கன்றுகளுக்குக் குழாய் போட்டுத் திருப்பிவிட்டோம். இன்னும் கூடுதல் உப்பைக் குடித்த கன்றுகள் ஓரம் கருகி ஒவ்வொன்றாய்ப் போய்ச் சேர்ந்தன. ஒரு வருஷத்துச் சேவையை மறு வருஷத்துச் சேவை கொன்றது. மரக்கூண்டுகள் மட்டும் திடமாக நிற்கின்றன, சங்கத்தின் பெயரோடு. ஒன்றுக்குள் ஆடு எப்படியோ புகுந்து மாட்டிக்கொண்டு அரை நாள் கத்தியது.

ஒன்று மட்டும் பழுதாகவில்லை, கல்வெட்டு. இரண்டடிக்கு மூன்றடி கறுப்பு கிரானைட், தங்க எழுத்து, இருபத்துமூன்று பெயர்கள். மேட்டரை நான்தான் அடித்துக் கொடுத்தேன். நாலு தடவை புரூப் போனது. ஒருவர் பெயருக்குப் பின்னால் போட வேண்டிய மூன்றெழுத்துப் பட்டம் விட்டுப்போயிற்று என்று ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கே வந்துவிட்டார். கல்லுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். வடிகட்டி, மெம்பரேன் எல்லாம் சேர்த்து மாற்ற மெக்கானிக் கேட்டது மூவாயிரத்து இருநூறு.

சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இப்போதைய தலைவர் நல்ல மனுஷர், என்னைவிடச் சின்னவர்.

"அண்ணே, அது போன வருஷத்து புராஜெக்ட். அதுக்கு இப்ப கணக்குல தலைப்பே கிடையாதே."

"தலைப்பு வச்சுக்கலாமே, தம்பி. பராமரிப்புன்னு போடுங்க."

"போடலாம்ணே. ஆனா நம்ம சங்கத்து மாவட்ட ஆளுநர் ஆபீசுக்கு மாசா மாசம் ரிப்போர்ட் அனுப்பணும். அதுல என்னன்னு எழுதுறது? பில்டர் மாத்தினோம்னா? சிரிக்க மாட்டாங்க?"

சிரிப்பார்கள்தான். மாவட்ட மாநாட்டில் கேடயம் கொடுக்கும்போது எத்தனை புராஜெக்ட், எத்தனை பயனாளிகள் என்றுதான் எண்ணுகிறார்கள். போன வருஷம் கொடுத்ததில் இன்றைக்கு எத்தனை ஓடுகிறது என்று எந்தக் கட்டத்திலும் கேள்வி இல்லை. கொடுத்த நாளை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

எங்கள் ஆட்களை மோசம் என்று சொல்ல வரவில்லை. இரும்புக்கடைக்காரர், ஆடிட்டர், பல் டாக்டர், அரிசி மண்டிக்காரர் என்று எல்லாரும் தொழிலைப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள், கைக்காசையும் போடுகிறார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்டதே, அப்போது நாலு நாள் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, குழந்தைகளுக்குப் பால் பவுடர் என்று லாரி லாரியாகக் கொண்டுபோனோம். அந்த லாரியிலும் முன்னால் பேனர் கட்டினோம், அச்சிட்டது நான், அது வேறு விஷயம். அவசரம் என்றால் ஓடுகிற இந்தக் கால்களுக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடம் வரை நடக்க முடியவில்லை என்பதுதான் என்னைக் குடைகிறது.

முடியாத காரியமா என்றால் அதுவும் இல்லை. ரோட்டரிக்காரர்கள் 1985-இல் போலியோவைக் கையில் எடுத்தார்கள். நம் நாட்டில் பல்ஸ் போலியோ 1995-இல் தொடங்கியது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பு சான்றிதழே கொடுத்துவிட்டது. மருந்தும் நர்சுகளும் அரசாங்கத்துடையவைதான், ஆனால் கூட நின்றவர்களில் இவர்களும் உண்டு. எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! எவரும் "சொட்டு மருந்து பழசாகிவிட்டது, என் வருஷத்துக்குப் புதுசாக ஏதாவது" என்று சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் டி.வி.எஸ். 50-இன் முன்னால் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு செங்கல் சூளைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அலைந்திருக்கிறேன். பிள்ளைகளின் இடது சுண்டுவிரலில் மை வைப்பார்கள். திரும்பத் திரும்ப அதே மை, அதே விரல். அலுப்பாகத்தான் இருந்தது. அந்த அலுப்புக்குத்தான் போலியோ போயிற்று.

லயன்ஸ் மட்டும் என்ன? 1925-இல் ஹெலன் கெல்லர் அமெரிக்காவில் அவர்கள் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டார். நூறு வருஷமாகக் கண்ணை அவர்கள் விடவில்லை. நம் பக்கத்துக் கண் முகாம்களில் ஊர்ச் சங்கத்தின் வேலை என்ன? ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது, மண்டபம் பிடிப்பது, வந்த கிழவர் கிழவிகளுக்குச் சாப்பாடு போடுவது. மீதியை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். கண்புரை என்றால் பஸ்ஸில் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து கொண்டுவந்து விடும். டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் இப்படி ஊர் ஊராகப் போய்த்தான் வளர்ந்தது.

நாங்களும் இரண்டு வருஷம் நடத்தினோம். கீழத்தெருப் பூக்கார ஆயாவுக்கு வலது கண் ஆபரேஷன் ஆனது. சங்கத்தில் நாங்கள் செய்த எல்லாவற்றிலும் எனக்கு நிஜமாகவே பெருமை தந்தது அதுதான். முன்பெல்லாம் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் விரலால்தான் வித்தியாசம் கண்டுபிடிக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் என் கடை வாசலில் நின்று போர்டில் உள்ள நிறத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டியது. "ஒரு கண்ணு உங்க புண்ணியத்துல தெரியுது தம்பி, இன்னொண்ணு எப்ப?" என்று கேட்டது. அடுத்த வருஷம் என்றேன். அடுத்த வருஷத் தலைவர், "கண் முகாம் எல்லாரும் பண்றாங்க, நாம வித்தியாசமா போவோம்" என்று ஹெல்மெட் விழிப்புணர்வுப் பேரணி நடத்தினார். பாதிப் பேர் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தார்கள். ஆயா இன்னமும் என் கடை வழியாகத்தான் போகிறது. கேட்பதை நிறுத்திவிட்டது. கேட்டால்கூடத் தேவலை.

ரத்ததான முகாமும் இதே கதைதான். பதவியேற்ற ஜோரில் ஜூலையில் ஒன்று, அக்டோபர் 1 ரத்ததான தினத்துக்கு ஒன்று. ஆண்கள் ஒரு தடவை கொடுத்தால் 90 நாள் பொறுக்க வேண்டும், எடுத்த சிவப்பணுவும் 42 நாளுக்கு மேல் தாங்காது; அதனால் முகாம் வருஷம் முழுக்கத் தேவை. கல்லூரி மூடிக் கிடக்கும் மே மாதத்தில் ரத்த வங்கிக்காரர் போன் செய்யும்போது எங்கள் தலைவர் வழியனுப்பு விழாவுக்கு மெனு பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் மெஷினை நானே சரிபண்ணினேன். மெக்கானிக் பையன் பழைய வடிகட்டியை உருவி வெளியே போட்டான், சேற்றில் கிடந்த கயிறு மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. "பில் யார் பேர்ல சார் போட?" என்றான். கொஞ்சம் யோசித்து, கடை பேரில் போடச் சொன்னேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

நேற்று, ஜூலையில் பதவியேற்கப்போகிற தலைவர் கடைக்கு வந்தார். உற்சாகமான ஆள். பதவியேற்பு அழைப்பிதழுக்கு எட்டுப் பக்கம், ஆர்ட் பேப்பர். கூடவே தன் வருஷத்தின் முதல் புராஜெக்ட்டுக்குக் கல்வெட்டு மேட்டரையும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். அதே பள்ளிக்கூடம். ஆர்.ஓ. மெஷின்.

"அங்கதான் ஒண்ணு இருக்கே தம்பி. இப்ப நல்லா ஓடுது."

"அது அவர் வருஷத்துல கொடுத்ததுண்ணே," என்றவர், போனை எடுத்துப் பள்ளிச் சுவரின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "பழைய கல்வெட்டுக்குப் பக்கத்துல இவ்வளவு இடம் இருக்கு. மூணுக்கு நாலு உட்காருமா, பாத்துச் சொல்லுங்க."