ஒரு பைசா யாருடையது?

தாயும் பிள்ளையுமாயினும் வாயும் வயிறும் வேறு என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரே குடும்பம்போல் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கும் இது பொருந்தும். அன்பு வேறு, பற்று வரவு வேறு. இரண்டையும் கலந்துவிட்ட சங்கங்களில் நாளடைவில் இரண்டுமே குறைந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம்.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரே ஒரு பைசாவைப் பற்றியது. ஒரு பைசா நாணயத்தைக் கடைவீதியில் இன்று காண முடியாது. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011ஆம் ஆண்டு ஜூன் இறுதியோடு செல்லாதனவாகிவிட்டன. ஆயினும் நம் சங்கங்களின் பேரேட்டில் பைசா இன்னும் உயிரோடு இருக்கிறது. நெசவாளர் கூலியிலும், சேமநிதிப் பிடித்தத்திலும், விளைபொருள் விலையிலும், வட்டியிலும், போனஸிலும் அது ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது. தோன்றும் பைசா சரியான இடத்தில் போய்ச் சேருகிறதா என்பதே நம் கேள்வி.

கையெழுத்துப் பேரேடு இருந்த இடத்தில் இன்று பல சங்கங்களில் கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. கூலிப் பட்டியலை எக்ஸெல் போன்ற விரிதாளில் தயாரிக்கிறார்கள். உழைப்பு குறைந்தது; பிழையும் பெரிதும் குறைந்தது. மறுக்கவில்லை. ஆனால் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் எல்லாம் காரியதரிசிகள் ஒரு கேள்வியை நம்மிடம் கேட்கிறார்கள். “ஐயா, பட்டியலில் உள்ள தொகைகளைக் கையால் கூட்டினால் ஒன்று வருகிறது, கணிப்பொறி கூட்டிக் காட்டுவது வேறாக இருக்கிறது. இயந்திரம் தப்பா, நாங்கள் தப்பா?” இருவரும் தப்பில்லை என்பதே விடை. அது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

மூன்று நெசவாளர்களுக்கு ஒரு வாரக் கூலி ஆளுக்கு 1,255 ரூபாய் 30 பைசா எனக் கொள்வோம். ரூபாய்க்கு 8 பைசா வீதம் சேமநிதி பிடித்தால் ஒருவருக்கு வருவது 100.424 ரூபாய். விரிதாளில் இரண்டு தசம தானம் மட்டும் காட்டும்படி அமைத்திருப்பதால் திரையில் 100.42 என்றே தெரியும். ஆனால் அந்த 4 அழிந்துவிடவில்லை. திரைக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. மூன்றையும் இயந்திரம் கூட்டும்போது 301.272 ஆகி, 301.27 எனக் காட்டுகிறது. அச்சிட்ட தாளைப் பார்த்து நாம் கூட்டினால் 301.26 தான் வரும். இயந்திரம் தன்னிடம் உள்ளதைக் கூட்டியது. நாம் நம் கண்ணுக்குத் தெரிந்ததைக் கூட்டினோம். காட்டும் எண் வேறு, வைத்திருக்கும் எண் வேறு என்ற இந்த ஒன்றை அறிந்துகொண்டால் குழப்பத்தில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும்.

எஞ்சிய கால் பங்கு இயந்திரத்தின் இயல்பால் வருவது. கணிப்பொறி ஒன்று, பூஜ்யம் என்னும் இரண்டே குறிகளால் எண்களை எழுதிக்கொள்கிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் 0.3333 என முடிவின்றி நீள்வதைப்போல, பத்தில் ஒன்றை அதன் வழியில் எழுதினால் முடிவின்றி நீளும். ஆகவே அது ஓரிடத்தில் நிறுத்திக்கொள்கிறது. அதனால்தான் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு தொகைகளைச் சமமா என்று வினவினால் சில வேளை “இல்லை” என்கிறது. இரண்டின் வித்தியாசத்தைப் பைசா அளவுக்கு முழுமையாக்கி, அது பூஜ்யமா என்று கேட்பதே முறை.

இத்தொல்லை கணிப்பொறியோடு பிறந்தது அன்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்து, 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. ஓர் அணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் நயா பைசா; ஆனால் கால் நயா பைசாவுக்கு நாணயம் இல்லை. எனவே ஓர் அணாவுக்கு 6 நயா பைசா என்றும், நாலணாவுக்கு 25 நயா பைசா என்றும் மாற்றினார்கள். ஓர் அணாவாக நான்கு முறை மாற்றியவருக்குக் கிடைத்தது 24. ஒருங்கே நாலணாவை மாற்றியவருக்குக் கிடைத்தது 25. அன்று கடைத்தெருவில் நடந்ததுதான் இன்று விரிதாளில் நடக்கிறது.

அதற்கும் முன் நம் ஊர்க் கணக்கர்கள் இந்தப் பின்னங்களை எவ்வாறு நடத்தினார்கள் என்பது எண்ணத் தக்கது. அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று ஒவ்வொரு பின்னத்திற்கும் பெயரிட்டார்கள். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. முந்திரியிலும் 320இல் ஒரு பங்கைக் கீழ்முந்திரி என்றார்கள். இதையெல்லாம் சிறுவர்கள் எண்சுவடியில் மனப்பாடம் செய்தார்கள். சிறிது என்பதற்காக எதையும் அவர்கள் எறிந்துவிடவில்லை; பெயரிட்டு ஏட்டில் ஏற்றினார்கள். அந்த மனப்பான்மையே நமக்கு வேண்டுவது.

ஒரு பைசாவுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் நகைக்கலாம். கனடா நாட்டில் நடந்த ஒன்றைக் கூறுவோம். அந்நாட்டின் வான்கூவர் பங்குச் சந்தை 1982ஆம் ஆண்டு ஜனவரியில் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கிற்று. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசம தானத்திற்கு மேற்பட்டதை முழுமையாக்காமல் கணிப்பொறி வெட்டிவிட்டது. வெட்டுண்டது ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆனால் 1983 நவம்பரில் குறியீடு 524 ஆக இறங்கியிருந்தது. திருத்திக் கணக்கிட்டபோது உண்மையில் அது 1098 ஆக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஒரே பக்கமாகத் தேய்த்தால் அம்மியும் குழியும்.

நம் சங்கத்திற்கே வருவோம். 200 அங்கத்தினர் உள்ள சங்கம், வாரந்தோறும் கூலியில் பைசாவை வெட்டிவிட்டு முழு ரூபாயாகக் கொடுக்கிறது என வைத்துக்கொள்வோம். ஆளுக்குச் சராசரி 50 பைசா வெட்டுப்படும். ஆண்டுக்கு 52 வாரம். 5,200 ரூபாய் ஆகிறது. இது நெசவாளரின் பணம். சங்கத்தின் வருமானமாகவோ, கணக்கே இல்லாத கல்லாப் பணமாகவோ ஆவதற்கு இதற்கு உரிமை இல்லை. 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்கி, குறைந்தால் விட்டுவிடுவது நேர்மையான வழி. கூட்டும் குறைவும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு சேவை வரிச் சட்டமும் தன் 170ஆம் பிரிவில் வரித்தொகைக்கு இம்முறையையே விதித்திருக்கிறது. வங்கிக் கணக்கில் கூலி செலுத்தும் சங்கங்களுக்கோ முழு ரூபாயாக்கும் தேவையே இல்லை; பைசா வரை கொடுத்துவிடலாம்.

இனி நாம் நேரில் கண்ட ஒன்று. சங்கத்தின் பெயர் வேண்டாம். ஏறத்தாழ 60 தறிகள் கொண்ட நெசவாளர் சங்கம். கூலிப் பட்டியலின் அடியில் “சரிக்கட்டல்” என்று ஒரு வரிசை இருந்தது. துணி வரவுப் பதிவேட்டின்படி வரும் மொத்தக் கூலிக்கும் பட்டியலின் கூட்டுத்தொகைக்கும் வித்தியாசம் வந்தால், எழுத்தர் அந்த வரிசையில் வேண்டிய எண்ணை இட்டுச் சமப்படுத்திவிடுவார். பல வாரங்கள் 2 பைசா, 5 பைசா என்றே இருந்தன. ஒரு வாரம் மட்டும் 270 ரூபாய் 3 பைசா இருந்தது. கேட்டோம். “எல்லாம் ரவுண்டு ஆஃப் வித்தியாசந்தான் ஐயா” என்றார்.

பைசா அளவில் முழுமையாக்கும்போது ஒரு வரிசையில் நேரக்கூடிய வேறுபாடு அரைப் பைசாவுக்கு மேற்படாது. 60 வரிசைக்கு உச்ச அளவு 30 பைசா. ஆகவே 270 ரூபாய் எவ்வகையிலும் முழுமையாக்கலின் விளைவாக இருக்க முடியாது. மேலும் 270 ஒன்பதால் மீதியின்றி வகுபடும் எண். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கர்கள் அறிந்த பழைய குறிப்பு. தேடினோம். வயதான ஓர் அம்மையாருக்கு 1,410 ரூபாய் கூலி வரவேண்டிய இடத்தில் 1,140 என்று பதிந்திருந்தது. அவர் கொடுத்ததை வாங்கிக் கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். குறைந்ததே என்று மனத்தில் பட்டதாம். இயந்திரக் கணக்கு தப்பாது என்று எண்ணிக் கேட்கவில்லையாம்.

பணம் மறுநாளே அவருக்குப் போய்ச் சேர்ந்தது. எழுத்தர் கையாடல் செய்தவர் அல்லர். 2 பைசா வித்தியாசத்தை மறைக்க வழி செய்தார்; அந்த வழியில் 270 ரூபாயும் மறைந்தது. அவர் ஏன் மறைத்தார் என்று வினவியபோது சொன்ன விடை நம்மைச் சுட்டது. முன்பு ஒரு முறை 4 பைசா வித்தியாசத்துக்காக மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டாராம். அது முதல் வித்தியாசமே காட்டாத கணக்கு எழுதக் கற்றுக்கொண்டார். வேறு சில சங்கங்களில் காரியதரிசிகள் தம் சட்டைப் பையிலிருந்து சில்லறை போட்டுச் சரிசெய்வதையும் கண்டிருக்கிறோம். இதில் பார்வையிடும் எங்களைப் போன்றோருக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு பைசா வித்தியாசத்தையும் குற்றமாகப் பார்த்தால், மறைக்கும் பழக்கத்தை நாமே வளர்த்தவர்கள் ஆவோம். வெளிப்படையாகக் காட்டிய வித்தியாசம் குற்றமன்று. மூடி வைத்த சமமே குற்றம் என்பது நம் உறுதியான கருத்து.

ஆகவே சங்கங்கள் கைக்கொள்ள வேண்டுவன எனச் சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, எந்தக் கட்டத்தில், எந்த அளவுக்கு முழுமையாக்குவது என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். எழுத்தரின் விருப்பத்துக்கு விடலாகாது. இயந்திரத்தின் விருப்பத்துக்கும் விடலாகாது. எக்ஸெலின் கட்டத்தில் எழுதும் ரவுண்ட் கட்டளை 2.5ஐ 3 ஆக்கும். அதே எக்ஸெலினுள் மேக்ரோ எழுதும் மொழியின் ரவுண்ட் கட்டளை, சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டு செல்லும் வழக்கப்படி, 2 ஆக்கும்.

இரண்டாவது, ஒருவருக்குக் கொடுக்கும் தொகையை அவருடைய வரிசையிலேயே ரவுண்ட் கட்டளையால் முழுமையாக்கி, முழுமையாக்கிய தொகைகளையே கூட்ட வேண்டும். அப்போது தாளில் கூட்டுவதும் திரையில் கூட்டுவதும் ஒன்றாகும். திரையில் காட்டுவதையே மதிப்பாகக் கொள்ளச் செய்யும் ஏற்பாடு ஒன்றும் எக்ஸெலில் உண்டு. அது பின்னங்களை மீட்க முடியாதபடி அழித்துவிடுமாதலால் அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

மூன்றாவது, விலை வீதத்தை இடையில் முழுமையாக்கலாகாது. 3 கிலோ நூல் 800 ரூபாய் என்றால் கிலோ 266.67 என்று முழுமையாக்கி 300 கிலோவுக்குப் பெருக்கினால் 80,001 ரூபாய் வரும். உண்மை விலை 80,000. பெருக்கல் முடிந்த பிறகே முழுமையாக்க வேண்டும்.

நான்காவது, பங்கிடும்போது மிஞ்சும் பைசாவுக்கு வழி வகுக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாயை 7 விவசாயிகள் குழுக்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 14,285.71 ரூபாய், 3 பைசா மிஞ்சும். முழு ரூபாயாக்கி 14,286 கொடுத்தாலோ 2 ரூபாய் துண்டு விழும். மூன்று குழுவுக்கு ஒரு பைசா கூடுதலாகக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகும். அந்த மூன்று எவை என்பதைச் சீட்டுப் போட்டோ, பதிவு எண் வரிசைப்படியோ முன்னரே முடிவு செய்தல் நன்று.

ஐந்தாவது, இத்தனைக்குப் பிறகும் வரும் வித்தியாசத்துக்கு “சில்லறை வேறுபாடு” என்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, கூடுதலையும் குறைவையும் தனித்தனியே எழுத வேண்டும். வரிசைக்கு அரைப் பைசா என்னும் உச்ச அளவைத் தாண்டினால் அன்றைக்கே காரணம் தேட வேண்டும். கூட்டுத்தொகைக் கட்டத்தில் சூத்திரத்தை அழித்து எண்ணைத் தட்டி வைப்பதை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது.

அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி வாங்கும்போது சீட்டைப் பார்த்து வாங்குங்கள். தொகை குறைவாகத் தோன்றினால் அங்கேயே கேளுங்கள். கேட்பது சங்கத்தின் மீதுள்ள ஐயத்தால் அன்று, உரிமையால். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் பொறுமையாகச் சொல்லட்டும். அந்த அம்மையார் அன்றே கேட்டிருந்தால், கேட்கலாம் என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால், எங்கள் வருகைக்காக அவர் காத்திருக்க நேர்ந்திராது.

மிஞ்சும் பைசா கணிப்பொறியுடையதும் அன்று, காரியதரிசியுடையதும் அன்று. அது தறியில் உட்கார்ந்தவருடையது, கழனியில் இறங்கியவருடையது. அதை அவர் பெயரில் எழுதி வைப்பதே கூட்டுறவு.