பீட்டர் ஹெமிங்ஸின் கோதுமை பீர்

அமெரிக்காவில் மேலாய்வு செய்யும் தோழர் ஒருவர் போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு பீர் பாட்டில் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் கோதுமை மால்ட்டில் செய்து, போர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைத்தது. சாதாரண பீரைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டம். 'வீட்வைன்' என்று அந்த வகைக்குப் பெயர். லேபிளில் தானியத்தின் கதை இருந்தது, பீப்பாயின் கதை இருந்தது, உரிமையாளரின் தாத்தா கதைகூட இருந்தது. 'கிராஃப்ட்' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது.

நான் குடிப்பதைப் பரிந்துரைக்க இதை எழுதவில்லை. குடியால் சீரழிந்த குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனை என்று எனக்கும் தெரியும். எனக்குக் கேள்வி அந்தச் சொல்லின் மேல்தான். யார் கை செய்தால் அது கைவினை, யார் கை செய்தால் அது வெறும் வேலை? பனையேறிக் கள்ளிறக்கும் நுட்பத்துக்கு இங்கே யாரும் லேபிள் ஒட்டவில்லை. 1987 முதல் தமிழ்நாட்டில் அது குற்றம்.

காட்டமான கோதுமை பீருக்கு அமெரிக்காவில் இந்தக் கடைகளைவிடப் பழைய வரலாறு ஒன்று உண்டு. அது வர்ஜீனியாவில், தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணையில் நடந்தது. அந்த பீரைக் காய்ச்சியவர் பீட்டர் ஹெமிங்ஸ். ஜெஃபர்சனுக்கு அடிமையாக இருந்தவர்.

பீட்டர் 1770இல் பிறந்தவர். தாய் எலிசபெத் ஹெமிங்ஸ் அடிமை. தந்தை ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வேல்ஸ் என்பதே வரலாற்றாளர்கள் பெரும்பாலும் ஏற்பது. அதாவது எஜமானின் மனைவிக்கு பீட்டர் தம்பிமுறை. அந்த உறவு அவரைச் சமையற்கட்டுக்குள் கொண்டுவந்தது, விடுதலைக்குக் கொண்டுபோகவில்லை. அண்ணன் ஜேம்ஸ் பாரிசில் பிரெஞ்சுச் சமையல் பயின்றவர். உனக்கு விடுதலை வேண்டுமானால் உன் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போ என்று 1793இல் ஜெஃபர்சன் எழுதிக் கொடுத்தார். ஜேம்ஸ் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தார், 1796இல் விடுதலையானார். அண்ணனின் விடுதலைக்கு விலை தம்பி அந்த அடுப்படியில் நின்றது.

1812இல் தொடங்கிய போரின்போது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஜோசப் மில்லர் என்ற ஆங்கிலேய பீர் வல்லுநரிடம் 1813இல் பீட்டர் தொழில் கற்றார். பண்ணையில் பார்லி விளையவில்லை, கோதுமை இருந்தது. கோதுமையில் பீர் காய்ச்சுவது லேசல்ல. பார்லிக்கு உமி உண்டு. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்கும்போது அந்த உமிதான் சல்லடையாக நிற்கும். கோதுமைக்கு அது இல்லை. பசைபோல இறுகி வடிகட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இன்றைய ஆலைகள் நெல் உமியைக் கலந்து சமாளிக்கின்றன. அதற்கு முன்னால் தானியத்தை நனைத்து, முளைவிட வைத்து, சரியான நேரத்தில் உலர்த்தி நிறுத்த வேண்டும். ஒரு நாள் தவறினால் மூட்டை வீண்.

வெளி ஆலைகள் ஒரு புஷல் மால்ட்டில் 15 காலன் எடுத்து பீரை நீர்த்துப்போகச் செய்கின்றன, நாங்கள் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்கிறோம் என்று ஜெஃபர்சன் பெருமையாக எழுதினார். அந்தக் காட்டம் பீட்டர் காய்ச்சியது. பீப்பாய்க்கும் இப்படி ஒரு கை உண்டு. பண்ணையில் பீப்பாய் செய்த பார்னபி கில்லெட்டும் அடிமைதான். 31 பீப்பாய் செய்தால் ஒன்று அவருக்கு, விற்றுக்கொள்ளலாம். பீட்டரின் பீருக்கு அந்தப் பங்கும் இருந்ததாக நான் படித்ததில் இல்லை.

அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் செய்முறை கேட்டு எழுதினார்கள். என்னிடம் எழுதிவைத்த செய்முறை இல்லை, எழுத்தைப் பார்த்துச் செய்துவிட முடியுமா என்பதும் ஐயமே என்று ஜெஃபர்சன் பதில் எழுதினார். 1820இல் முன்னாள் குடியரசுத் தலைவர் மேடிசனுக்கு எழுதியபோது, எங்கள் பீர் காய்ச்சுபவர் மிகுந்த அறிவுள்ளவர், பிறருக்குக் கற்றுத்தரவும் வல்லவர், உங்கள் ஆளை அனுப்புங்கள் என்றார்.

இதே மனிதர்தான் 1780களில் வெளிவந்த தன் வர்ஜீனியா நூலில், கறுப்பின மக்கள் பகுத்தறியும் ஆற்றலில் வெள்ளையரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று வாதிட்டார். 'மெரிட்' பற்றி இன்று வகுப்பெடுப்பவர்களை எனக்கு இங்கேதான் நினைவு வருகிறது. எதிரே நிற்பவரின் அறிவு அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தேவைப்படும்போது தெரிகிறது, பாராட்டக்கூடச் செய்கிறார்கள். உரிமை என்று பேச்சு வரும்போது மட்டும் தகுதி இல்லாமல் போய்விடுகிறது. அறியாமையால்தான் இப்படி நடக்கிறார்கள், புரியவைத்தால் திருந்துவார்கள் என்று நம்பும் தோழர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தார். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை எழுதியிருந்தார், அதில் பீட்டர் இல்லை. 1827 ஜனவரியில் கடனை அடைக்க அடிமைகளை ஏலம் விட்டார்கள். 57 வயது பீட்டருக்கு மதிப்பீடு 100 டாலர். சுதந்திர மனிதராக இருந்த உறவினர் டேனியல் ஃபார்லி 1 டாலருக்கு அவரை எடுத்தார். அதன்பின் பீட்டர் சார்லட்ஸ்வில்லில் தையல் வேலை பார்த்து வாழ்ந்தார். பீர் அவருக்குச் சோறு போட்டதாகத் தெரியவில்லை.

2011இல் மாண்டிசெல்லோவோடு சேர்ந்து ஸ்டார் ஹில் என்ற உள்ளூர் ஆலை கோதுமையும் சோளமும் கலந்த ஒரு பீரை வெளியிட்டது. பாட்டிலின் பெயரில் இருந்தது பண்ணைதான். ஸ்டார் ஹில் என்பதே சார்லட்ஸ்வில்லின் பழைய கறுப்பினக் குடியிருப்பு ஒன்றின் பெயர். அதை ஒட்டியிருந்த வினிகர் ஹில்லை 1960களில் நகரச் சீரமைப்பு என்று சொல்லி இடித்துத் தள்ளினார்கள். நம் ஊர்க் கதைபோல் இருக்கிறதா?

இப்போது நிலைமை மாறிவிட்டது, அருங்காட்சியகத்திலேயே பீட்டர் பெயர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்லதுதான். விஸ்கி பக்கத்திலும் ஜாக் டேனியலுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற அடிமை என்பதை நிறுவனம் 2016இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆனால் 2019இல் அமெரிக்க பீர் ஆலைகளின் சங்கமே எடுத்த கணக்கில், கிராஃப்ட் ஆலை உரிமையாளர்களில் 88 விழுக்காடு வெள்ளையர், கறுப்பினத்தவர் சுமார் 1 விழுக்காடு. பெயர் வந்துவிட்டது, பங்கு வரவில்லை. அதனால்தான் புரூக்ளின் ஆலையின் தலைமை வல்லுநரும் கறுப்பினத்தவருமான காரெட் ஆலிவர் 2020இல் தொடங்கிய அறக்கட்டளை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது சிலை வைக்கவில்லை. வெள்ளையரல்லாத இளைஞர்கள் இத்தொழிலை முறையாகப் படிக்கக் கட்டணம் தருகிறது. ஆலை தொடங்க முதல் வேண்டுமே என்றால், ஆம், வேண்டும். அது அடுத்த சண்டை.

இதை எழுதும் நான் யோக்கியனா? என் ஆய்வு கண்மாய்ப் பாசனம் பற்றியது. எந்த மடையை எப்போது திறப்பது, தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயது நீர்க்கட்டி ஒருவர், சேரிக்காரர். ஆய்வேட்டில் அவர் 'தகவலாளி 7'. ஆய்வு நெறிமுறைப்படி பெயரை மறைக்க வேண்டும் என்பது காரணம். பீட்டரைப் பற்றிப் படித்த பிறகு அவரிடம் போய், "தாத்தா, உங்க பேரப் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"போடு தம்பி. போட்டா எனக்கு என்ன வரும்?" என்றார்.

ஐந்து ஆண்டு உதவித்தொகை வாங்கியவன் நான். அவருக்கு நான் வாங்கிக் கொடுத்தது டீயும் ஒரு பொங்கலுக்கு வேட்டியும். கள ஆய்வில் அறிவைத் தருபவருக்கு நாள்கூலியும், அவர் விரும்பினால் கட்டுரையில் இணை ஆசிரியர் இடமும் தரவேண்டும் என்று நெறியாளரிடம் கேட்டேன். விதியில் இல்லை என்றார். எங்கள் ஆய்வாளர்கள் ஒன்பது பேர் கையெழுத்திட்டு இதையே துறைக்கு மனுவாகக் கொடுத்திருக்கிறோம். மற்ற பல்கலைக்கழகத் தோழர்களும் அவரவர் துறையில் கேளுங்கள். தாத்தாவுக்கு இதுவரை நான் பதில் சொல்லவில்லை.