நூறு வாட் தகடும் அம்மாவின் இன்சுலினும்

நான் பிறந்து வளர்ந்த தோட்டம் நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கம். லயன் வீடுகளை இடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போகிறோம். ஆனால், தங்க வீடில்லை. அதனால் போன வருடம் ஒரு சிறிய பழைய கேரவனை வாங்கி, காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். விற்றவர் கூரையைக் காட்டி, "சோலார் கம்பெனியிலேயே போட்டு வந்தது அண்ணே, கரண்டு கவலையே இல்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தோம். சனி இரவு தீமிதி பார்த்துவிட்டுப் படுத்தோம். விடியற்காலை மூன்று மணிக்குக் காற்றாடி நின்றது. எழுந்து பார்த்தால் குளிர்பெட்டியும் நின்றிருந்தது. உள்ளே அம்மாவின் இன்சுலின். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். அன்னதானத்துக்கு வந்திருந்த ஐஸ் பெட்டியில், துணியில் சுற்றி, ஐஸ் மேலே படாமல் வைத்துக் காப்பாற்றினோம்.

"ஏன்டா, உங்கப்பா வாங்கிவந்த பழைய லோரி பேட்டரி இதைவிட நல்லா உழைச்சதே" என்றார் அம்மா.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புரியும். ஜெனரேட்டர் கரண்டு இரவில் சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரத்தில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவர வேண்டும். அதனால் தமிழ்ப்படம் போடும் நாளுக்காக அப்பா மற்ற நாள்களில் பெட்டியைத் தொடவிடமாட்டார். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது, எதற்குச் செலவாகிறது என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. வீடு திரும்பியதும் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் செலவு. குளிர்பெட்டி ஒரு நாளைக்குச் சுமார் 500 வாட்-மணி. 25 வாட் காற்றாடி பத்து மணி நேரம் ஓடினால் 250. எல்.இ.டி. விளக்குகள் 60. மூன்று கைப்பேசிகள் 30. மொத்தம் 840.

அடுத்து வரவு. கூரையில் இருப்பது 100 வாட் தகடு. சூரியன் பன்னிரண்டு மணி நேரம் வானில் இருந்தாலும், மேகம், காலை மாலைச் சாய்வெயில் எல்லாம் கழித்தால், முழு வெயிலுக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது நாளுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். அந்த 100 வாட் என்பதும் தகடு 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது சோதனைக் கூடத்தில் அளந்தது. நம் ஊர் வெயிலில் தகடு 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு போனால், அதிலேயே 14 விழுக்காடு போச்சு. தூசு, கம்பி இழப்பு எல்லாம் சேர்த்து 30 விழுக்காடு கழித்தால், நாளுக்கு மிஞ்சுவது 280.

செலவு 840, வரவு 280! கம்பெனியில் பொருத்திவரும் சிறிய தகடு பெரும்பாலும் வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரி இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான். அதில் குடும்பம் நடத்த முடியாது.

அந்த 280கூட எங்களுக்கு வரவில்லை. வண்டியைக் கோயில் அரசமரத்தடியில் அல்லவா நிறுத்தியிருந்தேன்! தகட்டுக்குள் செல்கள் ஒன்றோடு ஒன்று வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் தளர்ந்துவிடும். 12 வோல்ட், 100 ஆம்ப் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. 33 மணி நேரத்தில் 1,100க்கு மேல் எடுத்திருக்கிறோம். அது ஈய பேட்டரி. நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. நான் கிட்டத்தட்ட அடிவரை வழித்துவிட்டேன்.

இது வீட்டுக் கூரை சோலார் போன்றதல்ல. 2016இல் தொடங்கிய என்.இ.எம். திட்டத்தில் சேர்ந்த வீடுகளில், பகலில் மிஞ்சியது தெனாகாவுக்குப் போகும். இரவில் அங்கிருந்து வரும். கேரவனுக்குத் தெனாகா இல்லை. பேட்டரிதான் எல்லாம்.

மின்வேலை தெரிந்த என் மைத்துனருடன் சேர்ந்து இந்த வருடம் செய்த மாற்றங்கள் இவை.

கூரைத் தகட்டை அப்படியே விட்டோம். கூடுதலாக 200 வாட் மடிப்புத் தகடு ஒன்று வாங்கினோம். வண்டி நிழலில் நிற்கும். தகடு நீளக் கம்பியுடன் வெயிலில் கிடக்கும். கூரையில் புதிய ஓட்டை இல்லை, மழைநீர் ஒழுகும் பயமும் இல்லை. பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரிக்குள் இருப்பதால் தகட்டை அதிகம் சாய்க்க வேண்டியதில்லை. மழைத்தண்ணீர் வழிய லேசான சாய்வு போதும்.

கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றினோம். பழையது 10 ஆம்ப். 100 வாட் தகடு 18 வோல்டில் ஐந்தரை ஆம்ப் தரும்; 300 வாட் என்றால் 17 ஆம்ப் பக்கம் வரும். பழையது தாங்காது. மேலும் அது பி.டபிள்யூ.எம். வகை. தகட்டின் 18 வோல்டைப் பேட்டரியின் 13 வோல்டுக்கு இழுத்துவிடும். 100 வாட்டில் 72தான் உள்ளே போகும். புதியது 30 ஆம்ப் எம்.பி.பி.டி.; அது மிச்ச வோல்டையும் ஆம்பாக மாற்றித் தரும். இரண்டு தகடுகளும் ஒரே 18 வோல்ட் வகை என்பதால் பக்க இணைப்பில் சேர்த்தோம்.

பேட்டரியை லித்தியம் அயன் பாஸ்பேட்டாக மாற்றினோம். அதே 100 ஆம்பில் தாராளமாக 1,000 வாட்-மணி எடுக்கலாம். எடை பாதிக்கும் குறைவு. பிற்பகல் மழை கொட்டி வெயிலே இல்லாமல் போனாலும் ஒரு நாள் தாங்கும்.

சில எச்சரிக்கைகள். கருவியில் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகுதான் தகட்டை இணைக்க வேண்டும். கழற்றும்போது தகடு முதலில். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் கட்டாயம். கருவியில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்ற மறக்காதீர்கள். கார் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியத்துக்கு நேரடியாகச் சார்ஜ் ஏற்றாதீர்கள். ஆல்டர்னேட்டர் சூடாகிப் பழுதாகும், இடையே அதற்கான சார்ஜர் வேண்டும். குளிர்சாதனத்தை இதில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காசு செலவழிக்கும் முன் ஒரு வாரம் உங்கள் செலவைக் குறித்துப் பாருங்கள். சிலருக்கு வண்டியை நிழலிலிருந்து நகர்த்தினாலே போதுமாக இருக்கும்.

இந்த வருடத் திருவிழாவில் மூன்று இரவும் குளிர்பெட்டி நிற்கவில்லை. ஆனாலும் அம்மா இரண்டாம் இரவு மூன்று மணிக்கு எழுந்து, கதவைத் திறந்து, கைவைத்துக் குளிர் பார்த்துவிட்டுத்தான் படுத்தார். அவர் பையில் ஐஸ் போட்ட ஒரு தெர்மாஸ் இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் அதைக் கொண்டுபோவோம்.