ஊறிப்போன தண்ணீர் எங்கே போகிறது?

பஞ்சாபின் கோதுமை வயல்களில் தண்ணீர் வீணாகிறது, பாத்தி கட்டிப் பாய்ச்சுவதை விட்டுத் தெளிப்பானுக்கு மாறினால் நிலத்தடி நீர் தப்பிவிடும் என்கிறார்கள். இந்த வாதம் முழுவதும் ஒரு வகுத்தலை நம்பியிருக்கிறது: விளைச்சலை வயலுக்கு வந்த நீரால் வகுப்பது. லூதியானா பக்கம் ஒரு எக்டேருக்கு மழையும் பாசனமுமாக 600 மி.மீ. நீர் கிடைத்து, 5 டன் விளைவதாக வைத்துக்கொள்வோம். எக்டேருக்கு ஒரு மி.மீ. என்பது 10 கன மீட்டர். ஆகவே கன மீட்டருக்கு 0.83 கிலோ. தெளிப்பான் வைத்து 450 மி.மீ. ஆக்கினால் 1.11 கிலோ. மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம் என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் பயிரும் மண்ணும் ஆவியாக விட்டது இரண்டு முறையும் 400 மி.மீ.தான் என்றால், முன்பு வேருக்குக் கீழே இறங்கியது 200, இப்போது 50. மோட்டார் இறைத்ததில் 150 குறைந்தது. நிலத்துக்குள் திரும்பியதிலும் அதே 150 குறைந்தது. நீர்மட்டத்துக்கு லாபம் எதுவுமில்லை.

ஊறிய நீரெல்லாம் திரும்பக் கிடைத்துவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முக்த்சர், ஃபாசில்கா மாவட்டங்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். வாய்க்காலில் வரும் நல்ல நீர் அதில் கலந்தால் போனது போனதுதான். அங்கே சிக்கனப் பாசனம் உண்மையிலேயே மிச்சம் பிடிக்கும். நல்ல நீர் ஊறும் மத்திய மாவட்டங்களுக்கும் அதே அளவுகோலை நீட்டுவதுதான் தவறு. தெளிப்பான் ஆவியாவதைக் குறைக்குமே என்பது அடுத்த வாதம். நெருக்கமாக விதைக்கும் கோதுமையில் தெளிப்பான் இலையையும் மண்ணையும் சேர்த்தே நனைக்கிறது. அதில் பெரிய மிச்சத்தை எதிர்பார்க்க முடியாது. நெல் வைக்கோலை எரிக்காமல், அதன் ஊடாகவே கோதுமையை விதைக்கும் ஹேப்பி சீடர் கருவி இதைவிடப் பயன்படும். வைக்கோல் மூடாக்கு மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. ஜூன் 10-க்கு முன் நெல் நாற்று நடக் கூடாது என்று பஞ்சாப் 2009-ல் சட்டம் போட்டதும், கோடை வெயிலில் ஆவியாகும் நீரைக் குறிவைத்துத்தான்.

இறைப்பதையாவது குறைக்கிறதே என்பார்கள். கைக்கு மிஞ்சிய நீர் கிணற்றிலேயே தங்குவதும் அரிது. பாசனச் சிக்கனம் பல நாடுகளில் சாகுபடிப் பரப்பை விரித்து மொத்த நுகர்வைக் கூட்டியதை, கிராஃப்டனும் சக ஆய்வாளர்களும் 2018-ல் 'சயின்ஸ்' இதழில் விளக்கினார்கள். இறைப்பு குறைந்தால் மின்சாரம் மிச்சமாவது நிஜம். உழவர்களுக்கு இலவச மின்சாரம் தரும் மாநிலத்தில் அது சின்னத் தொகையும் அல்ல. அதை மின்வாரியக் கணக்கில் எழுதட்டும். நீர்க் கணக்கில் எழுத வேண்டியது, வயலிலிருந்து ஆவியாகிப் போனதும் உவர் நிலத்தில் கலந்து கெட்டதும் மட்டுமே.