வீட்டுக்கு அனுப்பும் முன் கற்றுக்கொடுங்கள்

பனையிலோ தென்னையிலோ ஏறித் தவறியவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், நான்குவழிச் சாலையில் அடிபட்டவர்கள் எனத் தண்டுவடம் பாதித்தவர்களை மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் தூக்கிக்கொண்டு ஓடிவருவது மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான். பிழைத்துத் திரும்புகிறவரின் கால் செயலிழந்தது ஊருக்கே தெரியும். சிறுநீர்ப்பையும் செயலிழந்திருப்பது வீட்டாருக்குக்கூடச் சரியாகப் புரிவதில்லை. பொருத்திய யூரின் டியூப் மாதக்கணக்கில் உடம்பிலேயே கிடக்கிறது.

அதில்தான் ஆபத்து. உள்ளேயே தங்கும் குழாயில் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் அவை சேர்ந்துவிடும். பிறகு குளிர்காய்ச்சல், கல்லடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு.

மாற்று வழி புதிதல்ல. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை நோயாளியே செலுத்தி, சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடலாம். அறுவை அரங்கின் சுத்தம் இதற்குத் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று அமெரிக்க மருத்துவர் ஜாக் லேப்பிடஸ் 1972-லேயே எழுதினார். நிரம்பி விம்மும் சிறுநீர்ப்பையில் ரத்த ஓட்டம் குறைவதே தொற்றுக்கு இடம்கொடுக்கிறது, ஆகவே நேரம் தவறாமல் வடிப்பதே முதன்மை என்பது அவர் வாதம். இதனால் தொற்று அறவே ஒழியாது. ஆனால் கணிசமாகக் குறையும்.

படிக்காதவர்களால் முடியுமா என்று கேட்பது நியாயமல்ல. பிறவியிலேயே தண்டுவடக் குறையுள்ள பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே இதைக் கற்கிறார்கள். பெண்களுக்குத் தொடக்கத்தில் சிறுநீர்த் துவாரத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி உதவும். கை வராதவர்களுக்கு வீட்டில் ஒருவர் செய்யலாம். உண்மையான தடை கூச்சம்தான். திரை மறைப்பும், பொறுமையாகச் சொல்லித்தரும் செவிலியரும் இருந்தால் அது விலகும்.

'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு இலவசமாகத் தருகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு டயாலிசிஸுக்கான பைகளை வாசலுக்கே கொண்டுபோய்த் தருகிறது. இந்தக் குழாய்களையும் அதே வழியில் தர முடியும். குழாய் வாங்கக் காசில்லாமல் பழைய டியூப்புக்கே ஒருவர் திரும்பினால் கற்றது வீண்.

இந்த முறை பொருந்தும் என்று மருத்துவர் முடிவுசெய்த எவரும், தானோ வீட்டாரில் ஒருவரோ செவிலியர் முன் பலமுறை செய்துகாட்டிய பிறகே டிஸ்சார்ஜ் ஆக வேண்டும். இதை அரசு மருத்துவமனைகளின் விதியாகவே ஆக்கி, மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணை பிறப்பிக்க வேண்டும்.