எப்பவும் ஏறித்தான் இருக்கும்

"டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு இது எப்பவும் ஏறித்தான் இருக்கும் தம்பி. கூட்டிட்டுப் போ."

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என்னிடம் சொன்னது இது. 'இது' என்றால் ட்ரோபோனின். இதயத் தசை சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் புரதம். மாரடைப்பா இல்லையா என்று பார்க்க உலகம் முழுக்க இதைத்தான் அளக்கிறார்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சட்டை நனைய வேர்த்திருந்தது. நெஞ்சு வலிக்குதா என்று கேட்டார்கள், இல்லை என்றார். எண் 78 என்று வந்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் அப்பா செத்துப்போனார்.

இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அந்த மருத்துவர் சொன்னது பொய்யில்லை, தோழர்களே. பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது. அதிநுண் ட்ரோபோனின் டி பரிசோதனையில் லிட்டருக்கு 14 நானோகிராம் என்பது எல்லைக்கோடு. ஆரோக்கியமானவர்கள் நூறு பேரை நிறுத்தினால் 99 பேர் அதற்குக் கீழே இருப்பார்கள். அந்த நூறு பேரில் வாரம் இரண்டு முறை இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரித்துக்கொள்பவர் ஒருவரும் இல்லை. டயாலிசிஸில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் எந்தத் தொந்தரவும் இல்லாத நாளிலேயே இந்தக் கோட்டுக்கு மேலேதான் இருப்பார்கள். 2002-இல் அமெரிக்காவில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த 733 பேரிடம் செய்த ஆய்வில், அன்றைய பரிசோதனைப்படி 82 சதவீதம் பேருக்கு ட்ரோபோனின் டி எல்லையைத் தாண்டியிருந்தது. அதே ஆட்களிடம் ட்ரோபோனின் ஐ அளந்தபோது 6 சதவீதம் பேருக்குத்தான் தாண்டியது. எந்தப் பரிசோதனை என்று கேட்காமல் எண்ணை மட்டும் படிப்பதில் பொருளே இல்லை.

ஏறியிருக்கும் அந்த எண்ணும் சும்மா ஏறவில்லை. சிறுநீரகம் வெளியேற்றாததால் தேங்குகிறது என்பது ஒரு பகுதிதான். தடித்துப்போன இதயம், உடம்பில் சேரும் நீரின் அழுத்தம், ஒவ்வொரு டயாலிசிஸிலும் தசைக்கு ரத்தம் குறைவது என்று நாள்தோறும் நடக்கும் சேதமும் அதில் இருக்கிறது. அறிகுறி இல்லாதவர்களிலும் எண் அதிகமிருப்பவர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்பது இருபது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். டயாலிசிஸ் நோயாளிகளின் சாவுக்கு முதல் காரணமே இதயம்தான். அப்படியிருக்க, 'எப்பவும் ஏறித்தான் இருக்கும்' என்பது ஆறுதலா?

மாரடைப்பைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சில மணி நேரம் கழித்து மறுபடி அளப்பது. எண் அசையாமல் நின்றால் அது பழைய சேதம். ஏறினாலோ இறங்கினாலோ புதிதாக ஏதோ நடக்கிறது. ஏற்கெனவே எண் உயர்ந்திருப்பவர்களுக்கு 20 சதவீத மாற்றத்தைக் கவனிக்கச் சொல்வார்கள். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நெஞ்சு வலியை நம்பவும் முடியாது. மாரடைப்போடு வந்த டயாலிசிஸ் நோயாளிகளில் 44 சதவீதம் பேருக்குத்தான் நெஞ்சு வலி இருந்தது என்கிறது 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. மற்றவர்களில் அது 68 சதவீதம்.

பிறகு அப்பாவின் மஞ்சள் பையைக் கொட்டிப் பார்த்தேன். கையில் ஃபிஸ்டுலா போடும் முன் எடுத்த பரிசோதனைகளில் ட்ரோபோனினும் இருந்தது. அதே வகைப் பரிசோதனை, எட்டு மாதத்துக்கு முந்தையது: 41. எட்டு மாத இடைவெளியை வைத்து மாரடைப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'எப்பவும்' என்ற சொல்லை அந்த ஒரு தாள் பொய்யாக்குகிறது. அந்தப் பை அன்றிரவு என் கையில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

கேட்டது வேறு. "கருவாடு தின்னியா? எவ்ளோ தண்ணி குடிச்ச?"

தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த, ஐம்பத்தெட்டு வயது மனிதரிடம் பேசிய மொழி இது. பக்கத்துப் படுக்கையில் அதே வயதுக்காரர் 'சார்' ஆக இருந்தார். எங்கள் தெருப் பெயர் சீட்டில் இருந்தது, தொழில் இருந்தது, அப்பாவின் கையில் தோல் ஷாப் ரசாயனத்தின் கறை இருந்தது. சாதியைத் தனியாகக் கேட்க வேண்டிய அவசியம் நம் ஊரில் எவருக்கும் இல்லை. உப்பு இவர்களுக்குக் கெடுதல் என்பது உண்மைதான், ஊறுகாயும் அப்பளமும்கூட உப்புதான். ஆனால் கேள்வி எப்போதும் கருவாட்டைப் பற்றித்தான் வருகிறது. மூச்சு வாங்கினால் தின்றதால், தின்றால் சொன்ன பேச்சைக் கேட்காத ஆள், கேட்காத ஆளுக்கு எதற்கு மறு பரிசோதனை? இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியும் மருத்துவமல்ல. அம்மா அந்த வாரம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தான்தான் கொன்றுவிட்டோம் என்று இன்றும் நம்புகிறாள்.

"எல்லாத்துலயும் சாதியைக் கொண்டு வர்றீங்க, ரத்தத்துல என்னப்பா சாதி?" என்று கேட்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கும் வழக்கம் அங்கே இருந்தது. காகிதத்தில் அவர்களின் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகத் தெரியும். மாற்று சிறுநீரகத்துக்கான வரிசையில் பிந்துவார்கள். 2021-இல்தான் அந்தப் பெருக்கல் இல்லாத புதிய சூத்திரம் வந்தது. 2023-இல் கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே இனம் சூத்திரத்துக்குள் எழுதப்பட்டிருந்ததால் சுட்டிக்காட்டவாவது முடிந்தது. இங்கே சாதி எந்தச் சூத்திரத்திலும் இல்லை. எண்ணைப் படிப்பவரின் தலைக்குள் இருக்கிறது.

உடம்புக்குள்ளும் இருக்கிறது. முறையாகப் பார்த்தால் டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம். நம்மூரில் ஏழைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு முறைதான். முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் இலவசம், மறுக்கவில்லை. அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றியும் உண்டு. ஆனால் பஸ் கட்டணமும் போன நாளின் கூலியும் இலவசமில்லை. அப்பா திங்கள், வியாழன் போவார். வியாழனுக்கும் திங்களுக்கும் நடுவே சேர்ந்த தண்ணீரை நான்கு மணி நேரத்தில் இழுப்பார்கள். ஒரு மணி நேரத்தில் உடல் எடையின் கிலோவுக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் இழுத்தால் சாவு அதிகம் என்று 2011-லேயே எழுதிவிட்டார்கள். வாரம் மூன்று முறை செய்பவர்களிலேயே அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாள் சாவு கூடுவதாக அதே ஆண்டு இன்னொரு ஆய்வு சொன்னது. அவர்களுக்கு நடுவில் இரண்டு நாள். எங்களுக்கு மூன்று. அப்பாவின் 41-இல் எவ்வளவு நோய், எவ்வளவு பஸ் கட்டணம் என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வகத்தாலும் ஆகாது.

இதே எண் தனியார் மருத்துவமனையில் வேறு கதை சொல்லும். "ட்ரோபோனின் பாசிட்டிவ், உடனே ஆஞ்சியோ, பணம் கட்டுங்க." எங்கள் தெருவில் ஒரு அக்கா அதற்காகத் தாலியை அடகு வைத்தார். உண்மையான மாரடைப்பில் ஆஞ்சியோ உயிர் காக்கும். ஆனால் அவசர நிலையில் இல்லாத, சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போவதால் சாவோ மாரடைப்போ குறையவில்லை என்று 777 பேரிடம் செய்த சோதனை 2020-இல் காட்டியது. அங்கேயும் தேவை அந்த இரண்டாவது குழாய் ரத்தம்தான்.

நம் மீதும் எனக்குக் கோபம் உண்டு. நீட்டை எதிர்த்தோம், மருத்துவ இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் நின்றோம், சரிதான். அந்தக் கல்லூரிகளோடு ஒட்டியிருக்கும் மருத்துவமனையின் வராந்தாவில் இரவு பதினொன்றரைக்கு என்ன நடக்கிறது என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்? அன்று பணியில் இருந்தவர் ஒரு இளைஞர். தூங்கி எத்தனை மணி நேரம் ஆனதோ, கூட்டம் எவ்வளவோ. ஆள் போதாத அரசாங்கத்தின் மீதும் பழி உண்டு. ஆனால் ஆள் போதாத இரவிலும் யாருக்குக் காத்திருக்கச் சொல்வது, யாரைக் கூட்டிப்போகச் சொல்வது என்று ஒரு தேர்வு நடக்கிறது.

டயாலிசிஸ் தொடங்கும் ஒவ்வொருவருக்கும், தொந்தரவில்லாத நாளில் ஒரு ட்ரோபோனின் அளந்து, எந்த வகைப் பரிசோதனை என்பதோடு தமிழில் நோட்டில் எழுதித் தர வேண்டும். தேவையில்லாத பயம் வரும் என்று இதை மறுக்கும் மருத்துவர்கள் உண்டு. வாதிடுவோம். மூச்சு வாங்கி வருகிறவருக்கு இரண்டாவது அளவு எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதில் வாதமே இல்லை. மூன்றாவது டயாலிசிஸ் தேவைப்படுபவருக்கு அதைக் கொடுங்கள், போக்குவரத்துப் பணத்தோடு. டயாலிசிஸ் பதிவேடுகளில் சாதியையும் குறியுங்கள். எங்கள் ஆட்கள் எத்தனை பேர், எத்தனை வருடத்தில் சாகிறார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். அதுவரை டயாலிசிஸ் மையத்துக்குப் போகிற தோழர்கள் உறவினர்களின் பையில் பழைய தாளைத் தேடி, எண்ணையும் தேதியையும் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். "எப்பவும் ஏறித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் அதை நீட்டி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேளுங்கள்.